‘சரி’ என்று எழுதிய அம்பு

ஐயா, அம்மா, இதை வாசிக்க முன்வந்த தங்களுக்கு என் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் கேபிள் இழுக்கும் பணியில் சேர்ந்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூல்களைக் கொண்டு, கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையை நானாகக் கற்றேன்.

அங்கே எடைமேடையில் வேம்பாரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண் பணியாற்றினார். ஒருநாள் உப்பு லாரி ஒன்றின் எடை அலுவலகக் கணினியில் இருமுறை பதிவாகியிருந்தது. ஒரே சீட்டில் இரண்டு லாரிகளை உள்ளே விட்டார் என்று அவர்மீது விசாரணை வைத்தார்கள். அவருடைய வேலை போகும் நிலை. நடந்தது இன்னதென்று எனக்குத் தெரியும். ஆகவே படம் வரைந்து விசாரணை அறைக்கு எடுத்துச் சென்றேன்.

இரண்டு நெடுங்கோடுகள். இடப்புறம் எடைமேடைக் கணினி, வலப்புறம் அலுவலகக் கணினி. ‘எடை இது’ என்று ஓர் அம்பு வலப்புறம் போகிறது. கிடைத்ததைத் தெரிவிக்கும் அம்பு திரும்புகிறது. அது வழியில் அறுந்ததைக் குறுக்குக் கோடிட்டுக் காட்டினேன். பதில் வராததால் அதே எடை மறுபடியும் போகிறது; இம்முறை திரும்பும் அம்பு அறாமல் வந்து சேர்கிறது. முன்பு வந்ததுதான் இது என்று கண்டுகொள்ள வரிசை எண் வேண்டும். எங்கள் மென்பொருளில் அது இல்லை. பதிவு இரண்டு, லாரி ஒன்றே.

திரும்பும் அம்புகள் இரண்டின் மேலும் ‘சரி’ என்று எழுதியிருந்தேன். கிடங்கில் வாக்கி டாக்கியில் எது வந்தாலும் ‘சரி’ என்போம். காதில் விழுந்தது என்பதே பொருள்; ஒப்புக்கொண்டோம் என்பதல்ல.

விசாரித்த மேலாளர் வெளியூரிலிருந்து வந்தவர்.

“பெரியவரே, ரெண்டு இடத்துல சரின்னு போட்டிருக்கீங்க. அப்ப அந்தம்மா ரெண்டு தடவை ஓகே பண்ணியிருக்காங்க.”

“சார், அது கம்ப்யூட்டர் சொல்லுத சரி.”

“கம்ப்யூட்டருக்கு ஏது வாய்?”

அறையில் இருந்தவர்கள் சிரித்தனர். என் படத்தையே சாட்சியமாகக் கோப்பில் சேர்த்தார்கள். அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வாசலில் அவர் என்னிடம் சொன்னார்: “படம் நல்லாத்தான் போட்டீய அண்ணாச்சி. எனக்குப் பதிலா நீங்களே சரின்னு சொல்லிட்டீய.”

சில மாதங்களில் மென்பொருளில் வரிசை எண்ணைச் சேர்த்துவிட்டார்கள். ஏன் சேர்த்தார்கள் என்று எவரும் கோப்பில் எழுதவில்லை. அவரைத் திரும்ப அழைக்கவும் இல்லை.

இத்துடன் அப்படத்தை மீண்டும் வரைந்து இணைத்துள்ளேன். ‘சரி’ இருந்த இரண்டு இடங்களிலும் இப்போது ‘கிடைத்தது’ என்று இருக்கிறது. இந்தக் குறிப்பையும் படத்தையும் தங்களிடம் வைத்திருக்க வேண்டுகிறேன்.