சித்தி அறையின் தேக்குத் தரை

என் அப்பாவுக்குப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. மழை, மல்லாட்டை விதைப்பு, பசு ஈன்றது, யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று பென்சிலால் பொடி எழுத்தில் எழுதுவார். வெகுதானிய வருஷத்துப் பஞ்சாங்கத்தில், ஆவணி மாதப் பக்கத்தில், "தம்பி அறைக்குப் பலகைத் தரை போட்டு முடிந்தது" என்று இருக்கிறது. விக்கிரம வருஷத்தில், புரட்டாசிப் பக்கத்தில், "தம்பி அறைத் தரை மறுபடி இழைத்தது" என்று ஒரு வரி. முன்னது 1938, பின்னது 1940. தரை போட்டது 1937 என்றே நான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன், அது தவறு. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே நடந்ததில் எனக்கு நேரில் தெரிந்ததை எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். பெரியப்பா மூத்தவர், அடுத்து அப்பா, கடைசி சித்தப்பா. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வாங்கிப் புதுச்சேரிக்கு அனுப்பும் மண்டி ஒன்று இருந்தது. மூட்டைகளோடு புதுச்சேரி போய் வருவது சித்தப்பாவின் வேலை. அங்கே வெள்ளைக்கார வியாபாரி ஒருவரின் மாடியில் மரப்பலகைத் தரை இருந்ததாம். ஒரு மார்கழிக் காலையில் வெறுங்காலோடு அதில் நின்ற சித்தப்பா, பேச வந்த விஷயத்தை மறந்துவிட்டுக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார் என்று பெரியப்பா கேலி செய்வார்.

மறு கோடையில் சித்தி உண்டாகியிருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. எங்கள் வீட்டுத் தரை சிவப்புச் சிமெண்ட். வெயில் காலத்தில் சுகமாக இருக்கும். ஐப்பசி அடைமழையில் வியர்த்துக்கொட்டும். பாய் நமுத்துப் போகும். இந்தப் பிள்ளை அந்த ஈரத்தில் தவழக் கூடாது என்று சித்தப்பா தீர்மானித்துவிட்டார்.

எந்த மரம் என்பதில் வீடே இரண்டுபட்டது. கொல்லையில் அறுத்துப் போட்டிருந்த வேம்பு போதும் என்றார் பெரியப்பா.

"ஆத்தா மரத்துல கால வச்சி நடக்கிறதா? நல்லா இருக்குது ஞாயம்" என்றாள் அம்மா.

பண்ணுருட்டிப் பலா மலிவாகக் கிடைக்கும் என்று அப்பா சொன்னார். பலா பால் வடிகிற மரம், பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் அதை மிதிக்கக் கூடாது என்று அதுவும் தள்ளுபடியாயிற்று. வேங்கை ஈரம் பட்டால் சாயம் விடும். கடைசியில் பர்மாத் தேக்கு என்று முடிவானபோது, தச்சு ஆசாரியே தடை சொன்னார்.

அவர் விழுப்புரத்துக்காரர். ரயில் பெட்டிகளுக்குப் பலகை பொருத்தியவர். எந்தப் பேச்சையும் ரயிலில் கொண்டுபோய் நிறுத்துவார்.

"நெலவாசலுக்கு வைக்கிற மரங்க இது. மஞ்சா குங்குமம் வைக்கிறதப் போயி மிதிக்கணும்ன்றீங்களே, மொதலாளி?"

"ஏன், நீ ரயில்ல போட்டதெல்லாம் மிதிக்கிறாங்க இல்ல?" என்றார் சித்தப்பா.

"ரயில்ல ஏறுனவன் எறங்கிடுவான். வூட்டுல எங்க எறங்குவீங்க?"

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டி, பொட்டு வைத்த பக்கம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டுவிட்டார். மிதிபடுவது முதுகுதானே என்று எல்லாருக்கும் நிம்மதி.

அறையின் சிமெண்டைக் கொத்தி எடுத்து, மணலும் சுண்ணாம்பும் கரித்தூளும் கொட்டி இடித்தார்கள். கரையானுக்காகத் தார் பூசிய கட்டைகளைக் குறுக்கே கிடத்தி அவற்றின்மேல் பலகைகளை அடித்தார்கள். ஒரு பலகையின் ஓரத்தில் நாக்கு, அடுத்ததில் காடி. நாக்கைக் காடியில் செருகி மரச்சுத்தியால் தட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். சுவரோரம் மட்டும் விரல் அகலம் இடம் விட்டிருந்ததைப் பெரியப்பா கண்டுபிடித்தார்.

"இன்னா ஆசாரி, அளவு தப்பிப் போச்சா?"

"மரம் மூச்சு வுடணும் பெரியவரே. எடம் வுடலன்னா ஒங்க செவுத்தத் தள்ளிக்கினு போயிடும்."

எண்ணெய் பூசுவதில்தான் பெரியப்பா விட்டுக்கொடுக்கவில்லை. ஆசாரி கேட்டது ஆளிவிதை எண்ணெய். "நம்ம செக்கு ஓடிக்கினு இருக்கிறப்போ கடையில எண்ணெ வாங்குனா ஊரு சிரிக்கும்" என்று மல்லாட்டை எண்ணெயைக் குடத்தோடு கொண்டுவந்து வைத்தார். அது காயவே இல்லை. காலடியெல்லாம் பிசுபிசுத்தது. பாயை எடுத்தால் பாதிப் பாய் தரையோடு தங்கியது. பிறகு எறும்பு வந்தது. கொல்லையிலிருந்தும் வாசலிலிருந்தும் வரிசை கட்டி வந்தது.

"எறும்புக்கு இல்ல தேக்குத் தரை போட்டிருக்கேன்!" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான்.

மரத்தூளைப் போட்டுத் தேய்த்து, சுரண்டி, சென்னையிலிருந்து தருவித்த ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து ஆசாரி மறுபடி பூசினார். போகும்போது வீட்டுப் பெண்களையெல்லாம் நிற்க வைத்து ஒரே ஒரு கட்டளை இட்டார்: அந்த அறையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் வீடு முழுக்கக் குடம் குடமாக ஊற்றிக் கழுவும் எங்கள் அம்மாவுக்கு அது பெரிய பேஜாராக இருந்தது. ஆனாலும் அறை வாசலோடு துடைப்பத்தை நிறுத்திக்கொள்வாள்.

மார்கழியில் பையன் பிறந்தான். அடுத்த மழைக்காலம் முழுக்க அந்தத் தரையில்தான் தவழ்ந்தான். ஒரு நாள்கூடச் சளி பிடிக்கவில்லை என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து நிற்கத் தொடங்கியதும், மிச்சத் தேக்கில் ஆசாரி ஒரு நடைவண்டி செய்து கொடுத்தார். மூன்று சக்கரம். பின் சக்கரங்களில் அச்சாணியின் தலை கொஞ்சம் துருத்திக்கொண்டு, வண்டி சாயும்போதெல்லாம் தரையைக் கீறியது. அறை வாசலில் புறப்பட்டு, கட்டில் காலைச் சுற்றி வளைந்து, ஜன்னலடியில் போய் முட்டிக்கொள்ளும் அவன் வழி. திரும்பத் தெரியாது, முட்டிய இடத்தில் நின்று கத்துவான். நாங்கள் யாராவது தூக்கி வாசலில் விட்டால் மறுபடி அதே வழி. சில மாதங்களில் பளபளத்த தேக்கின்மேல் வெளிறிய கோடுகள் இரட்டையாக ஓடின.

சித்தப்பாவுக்கு வயிறு எரிந்தது. "பர்மாத் தேக்கு! பாத்தியா, கோடு கோடா இழுத்து வச்சிருக்கான். ஆசாரிய வரச் சொல்லி ஆணியத் தேய்க்கச் சொல்றேன்."

"வுடுங்க. எம் புள்ள ரயில் ரோடு போட்டுக்கினு இருக்கான். எங்க அண்ணன் வூட்டுக்குப் போறதுக்கு" என்பாள் சித்தி.

சித்தியின் அண்ணன் இருந்தது விழுப்புரத்தில். அச்சாணியை யாரும் தேய்க்கவில்லை.

1940இன் ஆடியில் ஊரில் காய்ச்சல் பரவியது. எங்கள் வீட்டில் எனக்கும் வந்தது, எனக்கு விட்டுப்போயிற்று. பையனுக்கு விடவில்லை. ஆவணி பிறந்த சில நாளில் அவனை மண்ணில் வைத்துவிட்டு வந்தார்கள். அன்று மாலையே சித்தியின் அண்ணன் வந்து அவளை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார். வண்டியில் ஏறும்போது அவள் அழவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவ்வளவு சின்னக் குழந்தைக்குப் பெரிய காரியமெல்லாம் கிடையாது. வீட்டைக் கழுவிவிட்டால் சரி. தொட்டில் துணி, சங்கு, நடைவண்டி எல்லாவற்றையும் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கூடம், தாழ்வாரம், சமையலறை என்று கழுவிக்கொண்டே வந்த அம்மா, சித்தி அறை வாசலில் இடுப்புக் குடத்தோடு நின்றுவிட்டாள். இரண்டு வருஷமாகத் தண்ணீர் படாத அறை. ஊற்றவும் கை வரவில்லை, விடவும் மனமில்லை. கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.

புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் பெருமாளுக்குத் தளிகை போடுவோம். பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னார்:

"சாவு தீட்டு கழுவாத அறைய வூட்டுக்குள்ள வச்சிக்கினு எப்பிடிடா தளிகை போடறது? அந்தப் பொண்ணும் தீபாவளிக்குள்ள வந்துடும். அதுக்குள்ள எதனா பண்ணுங்க."

"தண்ணி ஊத்துனா பலகை தூக்கிக்கும்ணா" என்றார் அப்பா.

"அப்போ ஆசாரியக் கேளு."

மறுநாள் காலை ரயிலில் சித்தப்பா விழுப்புரம் போனார். மாலையில் ஆசாரியோடு திரும்பினார். ஆசாரி வாசலிலேயே மண்டியிட்டு, விளக்கைச் சாய்த்துத் தரையை நோட்டம் விட்டார்.

"தண்ணியே வாணாங்க. மேலாப்புல ஒரு நூலு எழைச்சு உட்டுடறேன். தண்ணி ஊத்துனா அழுக்குத்தான் போவும். இதுல மேல்தோலே போயிடும். அப்பறம் புதுத் தரை. தீட்டு எங்க நிக்கும்?"

எல்லாருக்கும் அது சரியென்று பட்டது. எனக்கும்தான். அந்த வாரம் முழுக்க இழைப்புளியின் 'சர்ர் சர்ர்' சத்தம் வீட்டில் கேட்டது. தேக்குச் சுருள்கள் வாசல் வரை குவிந்தன. நானும் பெரியப்பா வீட்டு அக்காவும் நீளமான சுருளாகப் பொறுக்கிக் காதில் மாட்டிக்கொண்டு, லோலாக்கு என்று தலையை ஆட்டி விளையாடினோம். மிச்சமெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போனது. நன்றாக எரியும், நல்ல வாசனை. இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, தேன்மெழுகு வைத்துத் துணியால் தேய்த்தார் ஆசாரி. கூலி வாங்கிக்கொள்ளாமல் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பெரியப்பா சனிக்கிழமை அந்த அறையிலும் விளக்கேற்றச் சொன்னார்.

ஐப்பசி முதல் வாரத்தில் சித்தி வந்தாள். மெலிந்திருந்தாள். அறைக் கதவைச் சித்தப்பாவே திறந்துவிட்டார். ஜன்னல் வெளிச்சம் தரையில் தண்ணீர் மாதிரி கிடந்தது.

"பாரு, ஒரு கோடு இல்ல. கண்ணாடி மாரி பண்ணிட்டான் ஆசாரி" என்றார். அவர் குரலில் பெருமை இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி குனிந்து தரையைப் பார்த்தாள். அறை வாசலில் குந்தி உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தரையில் வைத்து மெல்ல நகர்த்தினாள். முழங்காலிட்டு நகர்ந்துகொண்டே போனாள். கட்டில் காலருகே கை வளைந்தது. பிறகு ஜன்னலடிக்குப் போய்ச் சுவரில் இடித்து நின்றது. தரையின் வழவழப்பைச் சோதிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆசாரியும் அப்படித்தான் கையால் தடவிப் பார்ப்பார்.

"வழவழன்னு இருக்குதா சித்தி?" என்று கேட்டேன்.

"இருக்குது கண்ணு" என்றாள்.

அன்றிரவு சித்தி கூடத்தில், சிமெண்டுத் தரையில் பாயைப் போட்டுப் படுத்தாள். அடைமழை. அம்மா பாய்க்கு மேல் பாய் போட்டுக் கொடுத்தாள். "உள்ள போயிப் படு, ஒடம்பு கெட்டுடும்" என்று பெரியப்பாவே சொல்லிப் பார்த்தார். சித்தி பாயைக்கூட நகர்த்தவில்லை. சித்தப்பா சில மாதம் அந்த அறையில் தனியாகப் படுத்தார். பிறகு அவரும் கூடத்துக்கு வந்துவிட்டார். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. யுத்தத்தின்போது மண்டியில் இடம் போதாமல் அந்த அறையில் மல்லாட்டை மூட்டை அடுக்கினார்கள். சித்தப்பா தடுக்கவில்லை.

அவ்வளவு அழகான தரையை விட்டுவிட்டு ஈரத் தரையில் ஏன் படுக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. சித்திக்குப் பிடிவாதம் என்று பெரியவர்கள் சொன்னதை நானும் நம்பினேன். அவள் கை அன்று போன வழி எது என்பது, என் மூத்த மகன் நடைவண்டி பிடித்த வருஷம், ஒரு மத்தியானம், திடீரென்று எனக்கு உறைத்தது. அப்போது சித்தி இல்லை.

இனி ஒரு விஷயம் பாக்கி. சித்தப்பா விழுப்புரம் போனாரே, அன்று மைத்துனர் வீட்டுக்கும் போனாரா? போனார், தரையை இழைக்கப் போவதைச் சித்தியிடம் சொன்னார், அவளும் தலையை ஆட்டினாள் என்று அப்பா ஒருமுறை சொன்னார். தெருமுனை வரை போனவர் அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டார் என்று அம்மா சொல்வாள். இருவருமே அன்று விழுப்புரத்தில் இல்லை. இருந்திருக்கக்கூடிய மூவரில், சித்தியின் அண்ணனை நான் தேடிப் போனபோது அவருக்கு மறதி முற்றிவிட்டிருந்தது. மற்ற இருவரிடமும் நான் கேட்கவில்லை. சித்தியிடம் சொன்னார்களா என்பது இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது.