இஸ்ஸாத்தின் முன்பற்கள்

வானத்தில் பச்சை ஒளி எழும்பினால் வடதுருவத்தை ஒட்டிய எங்கள் கராஷோக் ஊரே வெளியே வரும். இஸ்ஸாத் மட்டும் உள்ளே போவார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள், ஓநாயைத் திட்டியே துரத்தியவர். அவருடைய சிக்கல் உதட்டில் இருந்தது. நாய்க்கு விசில், கலைமானுக்கு விசில், காப்பி கொதித்தால் அதற்கும் விசில். ஒளியைப் பார்த்து விசிலடித்தால் அது இறங்கி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நம்புகிறீர்களா என்று எங்களைக் கேட்டால் சிரிப்போம். எங்கே, அடியுங்கள் என்றால் மாட்டோம்.

அவர் மனைவி ரிஸ்தேனுக்குப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. அந்த ஒளியைப் படம் பிடிப்பதில் பைத்தியம். குளிரில் பேட்டரி செத்துவிடாமல் உள்சட்டைக்குள் செருகிக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்பாள். வீட்டுச் சுவரெல்லாம் படங்கள். வானம் இருக்கும், ஆறு இருக்கும், புருஷன் இருக்க மாட்டார். ஒளிக்கடியில் அவர் நிற்க ஒரு படம், அவளுக்குக் கல்யாண நாளிலிருந்து அந்த ஒரே ஆசை.

இந்தக் குளிர்காலம், எலும்பை உடைத்து மஜ்ஜையை உறிஞ்சப்போய் இஸ்ஸாத்தின் முன்பற்கள் உதிர்ந்தன. மறுநாள் நாயைக் கூப்பிட உதட்டைக் குவித்தார். வெறும் காற்று வந்தது. அடுப்படியிலிருந்து ரிஸ்தேன் மெல்லத் திரும்பினாள்.

"யோவ், இன்னொரு தடவ ஊது."

ஊதினார். காற்று.

"அப்ப இனிமே நீ வெளிய வரலாம்ல?"

"புருஷனுக்குப் பல்லு போனதுக்குச் சந்தோசப்படுற மொத பொண்டாட்டி நீதான்டி."

"வியாழக்கெழம புதுப் பல்லு வந்துரும். அதுக்குள்ள ஒரு தடவ வந்து நில்லுய்யா."

திங்கள் மேகம். செவ்வாய் பனி. ரிஸ்தேன் அண்ணாந்து முறைத்த முறைப்புக்கு வெட்கமுள்ள மேகமாயிருந்தால் விலகியிருக்கும். புதன் பிற்பகல், சூரியன் தலைகாட்டாத மாதத்தின் இருட்டில், எங்கள் ஊர் வழக்கப்படி காப்பிக்குள் பாலாடைக்கட்டி ஊறிக்கொண்டிருந்தபோது ஜன்னல் பச்சையானது.

அவரை ஆற்றங்கரைக்கு இழுத்துப்போய் நிறுத்தினாள். கேமராவை முக்காலியில் பூட்டினாள்.

"பத்து நொடி அசையக் கூடாது."

"சிரிக்கலாமா?"

"பொக்க வாய யாரு கேட்டா? சும்மா நில்லு."

சின்ன வயதுக்குப் பிறகு இஸ்ஸாத் அதை நேருக்கு நேர் பார்த்ததில்லை. ஒளி மடிந்தது, விரிந்தது, ஓரத்தில் சிவந்தது. உதடு தானாகக் குவிந்தது. காற்றுதான். வானம் ஏமாந்துவிட்டது, நாய் சாப்பெ ஏமாறவில்லை. எஜமானரின் மூச்சு அதற்குத் தெரியாதா? பாய்ந்து வந்து மார்பில் ஏறிவிட்டது.

படத்தில் வானம் துல்லியம், ஆறு துல்லியம். நடுவில் ஆளும் நாயும் கலந்த ஒரு புகை.

"இதுல நீ எங்கய்யா?" ரிஸ்தேன் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்து இமையில் உறைந்தது. அடுத்த படத்துக்குள் மேகம் மூடிக்கொண்டது. சிரிப்பும் நின்றது.

வியாழன் காலை இஸ்ஸாத் பல் மருத்துவருக்குப் போன் செய்தார்.

"டாக்டரம்மா, பல்லு அங்கயே இருக்கட்டும். கோடையில ராத்திரியும் வெளிச்சமா இருக்கும்ல, வானத்துல அந்த ஒளி தெரியாது, அப்ப வந்து மாட்டிக்கறேன்."

"அதுவரைக்கும் என்னத்தச் சாப்பிடுவீங்க?"

உத்தரத்தில் தொங்கிய காய்ந்த கலைமான் கறியை இஸ்ஸாத் ஒருமுறை பார்த்தார். அது இல்லாமல் அவர் ஒருவேளையும் உண்டதில்லை.

"கஞ்சி," என்றார்.

ரிஸ்தேன் கஞ்சி காய்ச்சினாள். வெண்ணெயை மட்டும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள்.