முச்சந்தியில் தோலுரித்த எலுமிச்சை

மாட்டு வண்டி நின்றபோது அதில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அவர்கள் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் இருந்தார்கள். வண்டியை ஓட்டி வந்தவன் நான். எதிரே, அவர்களை வரவேற்க நடந்து வந்த அப்பா முச்சந்தியின் அந்தப் பக்கம் நின்றார். அக்கா வீட்டில் புதுப் புடவையில் இருந்தாள். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் அங்கே இல்லை. ஒருவர் என் தாய்மாமன். இன்னொருவர் மாமன் யாரிடம் சமையல் வேலை பார்த்தாரோ அந்த இத்தாலிக்காரர்.

எங்கள் ஊர் கோலியனூருக்குப் பக்கம். அக்காவுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் கிளியனூரிலிருந்து முதல் பஸ்ஸில் விழுப்புரம் வந்து இறங்கினார்கள். இருட்டோடு வண்டி கட்டிப் போய்க் காத்திருந்த நான் ஏற்றிக்கொண்டு வந்தேன். பத்தரைக்குள் நல்ல நேரம். எங்கள் தெருவுக்குள் நுழைய அந்த முச்சந்தியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கே, மூன்று பாதையும் கூடும் இடத்தில், நூறு எலுமிச்சம்பழங்களுக்குக் குறையாமல் குவிந்து கிடந்தன. ஒன்றுக்கும் தோல் இல்லை. வெள்ளை வெளேரென்று, லேசாக வாடி, ஈ மொய்த்துக்கொண்டு கிடந்தன.

முச்சந்தியில் எலுமிச்சம்பழம் கிடப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. திருஷ்டி சுற்றி நான்காக அறுத்துக் குங்குமம் தடவிப் போட்டிருப்பார்கள். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவோம். ஆனால் அறுக்காமல், தோலை மட்டும் சீவிய பழத்தை யாரும் பார்த்ததில்லை. விடிந்ததிலிருந்து தெருவே தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துப் போட ஒருவருக்கும் கை வரவில்லை.

"வண்டிய திருப்பு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இத்த தாண்டிக்கினு நான் வரமாட்டேன். எவனோ செஞ்சி வெச்சிக்கீறான். பொண்ணு ஊட்டுக்கு ஆகாதவன் எவனோ."

எனக்கு அந்தப் பழங்களைத் தெரியும். விழுப்புரம் மார்க்கெட்டில் கூடையோடு விலை பேசி வாங்கியவனே நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் என்பதால், புதிய சர்க்கரை ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த அந்த இத்தாலிக்காரருக்கு நான் மொழிபெயர்ப்பாளன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம், ஆகவே ஒத்துப்போனது. அவர் ஊரில் கடலோர மலைச் சரிவெல்லாம் எலுமிச்சைத் தோட்டமாம். பழத்தின் மஞ்சள் தோலை மட்டும், உள்வெள்ளை ஒட்டாமல் சீவி, சாராயத்தில் பல நாள் ஊற வைத்து, சர்க்கரைப் பாகு கலந்து ஒரு மது செய்வார்கள். லிமொன்செல்லோ என்று பெயர். சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கோப்பையில், குளிரக் குளிரக் குடிப்பது. இங்கே மதுவிலக்கு என்றாலும் வெளிநாட்டுக்காரர் என்று அவருக்குப் பர்மிட் இருந்தது. நம் பழம் சின்னது, தோல் மெல்லிசு என்று குறைப்பட்டுக்கொண்டே கூடை கூடையாகச் சீவினார். மிச்சத்தை எடுத்துப்போகச் சொன்னார். தோல் இல்லாத பழம் ஊறுகாய்க்கும் உதவாது. முந்தின இரவு ஊருக்கு வந்த மாமன், போகிற வழியில் மாடு தின்னட்டும் என்று கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். கொட்டிய இடம் முச்சந்தி.

இதையெல்லாம் வண்டியிலிருந்து இறங்கி ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். கடைசி வரை கேட்டார்கள்.

"சாற எறிஞ்சிட்டுத் தோலக் குடிக்கிறானா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமாங்க."

"வாழப்பழத்த எறிஞ்சிட்டு அதோட தோலத் தின்னுவானா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "படிச்ச புள்ள இல்ல, பொய்யக்கூட நீட்டா சொல்றாரு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எங்கள் அப்பா கிட்டே வந்து, யாருக்கும் கேட்காதபடி, "வேற எதுனா சொல்லுடா" என்றார்.

சாட்சியோடு வந்தால் நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றியது. வேடிக்கை பார்த்தவர் ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, விழுப்புரத்தில் அந்த இத்தாலிக்காரத் துரை தங்கியிருந்த வீட்டுக்கு மிதித்தேன். துரை ஆலைக்குப் போயிருந்தார். மாமன் விஷயத்தைக் கேட்டதும், "அட பேஜாரே" என்று தலையில் அடித்துக்கொண்டார். வெறுங்கையோடு வந்தால் போதாது என்று, முன்பே வடித்து வைத்திருந்ததில் ஒரு சின்ன பாட்டிலையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

முச்சந்தியில் மாமன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். வெயிலில் மஞ்சள் பளபளத்தது. "இதாங்க அது. மோந்து பாருங்க."

மாப்பிள்ளையின் அப்பா மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டார். "நெசந்தான், எலுமிச்ச வாசன" என்றார். இன்னொரு சொட்டும் விட்டுக்கொண்டார். "இனிப்பா கீது."

இப்போது நம்பினார்கள். அதுதான் வினையாயிற்று.

"அப்போ சாராயமா இது?" மாப்பிள்ளையின் அம்மா குரலை உயர்த்தினார். "பொண்ணுக்குத் தாய்மாமன் சாராயம் காய்ச்சறவனா? நாளைக்குப் போலீசு வந்தா என் புள்ள மாமியா ஊட்டுக்கு எந்த மொகத்த வெச்சிக்கினு வருவான்?"

"காய்ச்சலங்க, ஊற வெக்கிறது. தொரைக்குப் பர்மிட்டு கீது" என்றேன்.

"தொரைக்குக் கீது. ஒங்க மாமனுக்குக் கீதா?"

ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் வண்டிமாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் திருப்பத் தொடங்கிவிட்டார். மணி ஒன்பது இருக்கும். இப்படித் திரும்பிப் போனால் அக்காவுக்கு வேறு இடம் அமைவது கஷ்டம். காரணம் என்ன என்று அவர்கள் பஸ்ஸில் ஏறும் முன்பே நாலு ஊருக்குத் தெரிந்துவிடும்.

அப்பா பாட்டிலை வாங்கி மாமன் கையில் திணித்தார். "ஜல்தியா மறைடா." பிறகு வண்டியின் அருகே போய்க் கைகூப்பினார்.

"சம்மந்தியம்மா, நீங்க மொதல்ல சொன்னதுதான் சரி. இது செய்வினதான். அந்த மல்லாட்டக் கொல்லை வரப்புத் தகராறுல எவனோ வெச்சிக்கீறான். புள்ள பயந்துபோயி, எங்க நீங்க திரும்பிப் பூடுவீங்களோன்னு கத கட்டிட்டான். மாமன் காட்டினது வாயுவுக்கு மருந்து. பூசாரியக் கூப்புட்டு இங்கியே கழிச்சிடறேன். அப்பறமா நீங்க தாண்டினா போதும்."

அந்த அம்மாள் யோசித்தார். மருந்தை நாக்கில் விட்டுக்கொண்ட தன் கணவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். செய்வினைக்குக் கழிப்பு உண்டு, சாராயத்துக்கு இல்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது, எனக்குத்தான் கடைசியில் புரிந்தது.

பூசாரி வந்தார். கழிப்புக்கு இருபத்தொரு பழம் வேண்டும் என்றார், தோலோடு. கோலியனூரில் அன்று பழமே இல்லை. மாமன் அதே சைக்கிளில் விழுப்புரத்துக்கு மிதித்து, துரையின் அடுத்த கூடையிலிருந்து எடுத்து வந்தார். பூசாரி தோலுரித்த குவியலைச் சுற்றிக் கோடு கிழித்து, பூசணிக்காய் உடைத்து, சேவலைத் திருகிப் போட்டு, குவியலை ஏரிப் பக்கம் அள்ளிப்போகச் செய்தார். பத்தே காலுக்கு வண்டி தாண்டியது. நல்ல நேரத்துக்குள் அக்காவுக்குப் பரிசம் போட்டார்கள்.

பூசாரிக்கு வேட்டி, தட்சணை, சேவல், பூசணிக்காய், கற்பூரம், துரையின் கூடையிலிருந்து எடுத்த பழத்துக்கு அவருக்குக் கொடுத்த விலை எல்லாமாக அப்பாவுக்குப் பதினேழரை ரூபாய் ஆயிற்று.