கொக்கு ஏழு

காதண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் காதண்ணன்தான். ஒரு முழம் ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையை எஞ்சின்மேல் வைப்பார், மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் யாராவது பேசினால் ஹோஸாலேயே ஒரு போடு போடுவார். இரண்டு நிமிஷத்தில் எந்த வால்வு எதற்காக அழுகிறது என்று சொல்லிவிடுவார். லோடு வண்டிகளுக்கு இழுவையைக் கூட்டித் தருவதுதான் அவர் தொழில். சைலன்ஸரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று வருகிறவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மூக்கையும் வாலையும் திறந்துட்டு மூளைக்குச் சொல்லாம விட்டா வண்டி மூச்சு முட்டிச் சாகும். மூணும் செய்யிறதுன்னா நில்லு. இல்லேன்னா கிளம்பு."

மூக்கு என்றால் காற்று இழுக்கும் பெட்டி. வால் என்றால் புகை போகும் குழாய். மூளை என்றால் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று தீர்மானிக்கிற கையகலப் பெட்டி. அதற்குள் இருக்கும் கணக்கை லேப்டாப்பில் எடுத்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, திருத்தி, திரும்ப எழுதுவார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வண்டி ஓட்டுகிறவனின் பட்டப்பெயரும் ஓர் எண்ணும் போடுவது அவர் வழக்கம். மொட்டை மூன்று, வாத்தியார் ஐந்து, இப்படி. அந்தப் பெயர் வண்டியின் மூளைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும்.

அவருடைய தம்பியின் பட்டப்பெயர் கொக்கு. கழுத்தும் காலும் அப்படி. அவனும் ஒரு நீலப் பிக்கப் வைத்து லோடு அடித்துக்கொண்டிருந்தான். அண்ணன்காரர் கையில் தொழில் இருக்கும்போது தம்பி சும்மா இருப்பானா? வாரத்துக்கு ஒரு திருத்தம் கேட்பான். தெரு முனையில் காலை எடுத்தால் குழாயிலிருந்து மூன்று வெடி கேட்க வேண்டும் என்றான். எதற்கடா என்று கேட்டதற்கு, "உள்ள இருக்கிறவளுக்கு நான் வந்துட்டேன்னு தெரியணும்ணே, டீ போட்டு வெச்சிடுவா" என்றான். காதண்ணன் திட்டிக்கொண்டே செய்து கொடுத்தார். படக், படக், படக். நாலாவது வராது. அப்படி எண்ணி வெடிக்க வைத்ததில் அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஏழாவது தடவை வேறொன்று கேட்டான். பாரத்தோடு மேட்டில் நிற்கும்போது பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்தால் எஞ்சின் சுருண்டுவிடுகிறது, அதை எடுத்துவிடு என்றான். பிரேக்கில் கால் பட்டதும் எஞ்சின் ஆக்சிலரேட்டரை மறந்துவிட வேண்டும் என்று கம்பெனிக்காரன் வைத்த காவல் அது. திரையில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் ஒரு டிக். காதண்ணன் டிக்கை எடுத்தார். கொக்கு ஏழு என்று பெயர் போட்டார். அன்றைக்கு மேட்டில் வண்டி ஆடாமல் கிளம்பியது.

இரண்டு மாதம் கழித்து, மதியம் மூன்று மணிக்கு, சரக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வந்த கொக்கு இறக்கத்தில் நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதிச் செத்துப்போனான். காய்ந்த ரோடு. எதிரே ஒரு வண்டியும் இல்லை. ரோட்டில் டயர் இழுத்த தடம் இல்லை, அதனால் பிரேக்கே போடவில்லை, தூங்கிவிட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். முதல் நாள் இரவு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. அவன் கோபித்துக்கொண்டு வண்டிக்குள் படுத்திருந்தான். அது போதாதா? "என் புள்ளையத் தூங்க விடாம அனுப்பிக் கொன்னுட்டா" என்று மாமியார்க்காரி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு கொக்கின் மனைவியே அதைத் தனக்குள் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டயர் பூட்டிக்கொள்ளாத பிரேக் உள்ள வண்டி அது, எவ்வளவு மிதித்தாலும் தடம் விழாது. காதண்ணனுக்கு இது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. தம்பி தூங்கியிருந்தால் குற்றம் தூக்கத்தோடு போயிற்று. தூங்கவில்லை என்றால் அந்தச் சின்னச் சதுரம் வந்து எதிரே நிற்கும். ஒன்பது வருஷமாக அந்தத் தூக்கத்தில்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

கொக்கின் மனைவி பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில்தான் இருக்கிறாள். வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறாள். பதினோரு மணிக்கு அவருக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைப்பாள். அதிகம் பேசமாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, டீக்கு இன்னும் நேரம் இருந்தது. காதண்ணன் ஒரு வண்டிக்கடியில் மல்லாந்து படுத்திருந்தார். தெரு முனையில் கேட்டது.

படக். படக். படக்.

அவர் எழுந்த வேகத்தில் நெற்றி குழாயில் மோதி ரத்தம் வந்தது. நாலாவதுக்குக் காத்திருந்தார். வரவில்லை. பின்னால் தையல் மிஷின் நின்றது. அவர் வெளியே உருண்டு வந்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இரண்டு டம்ளர். அதற்குள் எப்படி ஊற்றினாள் என்று தெரியவில்லை, இரண்டிலும் ஆவி பறந்தது.

வந்தது ஒரு சாம்பல் நிறப் பிக்கப். கொக்கின் வண்டி மாடலேதான். ஓட்டிவந்தவர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி விற்கிற வியாபாரி, வெள்ளந்தியான ஆள். அவளைப் பார்த்ததும், "எனக்கா டீ? நான் வருவேன்னு எப்படித் தெரியும்?" என்று சிரித்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், காலியாகிவிட்ட டிரைவர் சீட்டைப் பார்த்தாள், ஒரு டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு இன்னொன்றோடு உள்ளே போய்விட்டாள்.

"மேடு ஏற மாட்டேங்குது காதண்ணே. மூக்கு, வால், மூளை மூணும் செஞ்சிடுங்க" என்றார் வியாபாரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெள்ளத்துல நின்னு பழைய மூளைப் பெட்டி போயிடுச்சு. காயலான் கடையில ஒண்ணு வாங்கி மாட்டினேன். அதுலேருந்து இது என் வண்டி மாதிரியே இல்ல. நான் ஒண்ணு நெனச்சா அது ஒண்ணு செய்யுது. யாரோ பக்கத்துல உட்கார்ந்து ஓட்டுற மாதிரி இருக்கு. போன வாரம் இந்த பூட்ஸால ரெண்டு மிதியும் சேர்ந்து அமுங்கிடுச்சு. பிரேக்கை அமுக்குறேன் அமுக்குறேன், எஞ்சின் விடவே மாட்டேங்குது. மணல் மேடு இருந்துச்சோ பொழச்சேன்."

"சாவியை வெச்சிட்டுப் போங்க" என்றார் காதண்ணன்.

லேப்டாப்பை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. மூக்கிலிருந்து ஆரம்பித்தார். நசுங்கிய காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டு அகலமானதைப் போட்டார், பெரிய ஃபில்டர் வைத்தார். முன்சக்கரத்தை மூடும் ஃபெண்டர் தகட்டுக்கு உள்ளே, சுத்தக் காற்று கிடைக்கிற இடத்தில் குழாயின் வாயை அமைத்தார். மறுநாள் வால். வளைவுகளில் சப்பையாகிப்போன பழைய குழாயை அறுத்தெடுத்துவிட்டு, வளைந்தாலும் உருண்டை கெடாத குழாயைப் பற்றவைத்தார். இரண்டு நாளும் வேலை சுத்தமாக நடந்தது. இரண்டு நாளும் பின்னறையில் தையல் மிஷின் ஓடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஹோஸைக் காதில் வைத்தால், ஐடிலிங், அதாவது வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் சுற்றுகிற வேகம், தொள்ளாயிரத்து ஐம்பதில் நின்றது. இந்த மாடல் எழுநூறில் நிற்க வேண்டும். சிக்னலில் நின்றுவிடுமோ என்று பயந்து ஐம்பதுகூடக் குறைக்க விடாதவன் ஒருவன்தான் இருந்தான். மூடிய கண்ணுக்குள் பக்கத்தில் யாரோ கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தால் பட்டறை காலி.

வியாழக்கிழமை வேறு வழியில்லை. லேப்டாப்பைச் சொருகினார்.

திரையில் வந்தது: கொக்கு ஏழு.

அவர் போட்ட பெயர். காயலான் கடைக்குப் போன நீல வண்டியிலிருந்து கழன்று, ஒன்பது வருஷம் எங்கெங்கோ கிடந்து, அந்தப் பெட்டி தெருவைக் கண்டுபிடித்து வந்திருக்கிறது. பழுது பதிவை யாரும் அழிக்கவில்லை. பெரிய பழுது ஒன்று நேர்ந்தால் அந்த நொடியில் எது எப்படி இருந்தது என்று அந்தப் பெட்டி ஒரு வரி எழுதிவைக்கும். பழைய தேதியில் ஒரே ஒரு வரி இருந்தது. மதியம் மூன்று மணி.

ஆக்சிலரேட்டர்: நூறு. பிரேக்: முழுசாக.

காதண்ணன் அதைப் பலமுறை படித்தார். தூங்கினவன் பிரேக்கை முழுசாக மிதிப்பானா? கொக்கு எப்போதும் காலடியில் இரண்டு ரப்பர் விரிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருப்பான். மேல் விரிப்பு சுருண்டு ஆக்சிலரேட்டரில் மாட்டியிருக்கும். அவன் முழித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டு, நெட்டைக் காலால் பிரேக்கைத் தரையோடு அழுத்தியிருக்கிறான். காவல் இருந்திருந்தால் எஞ்சின் விட்டிருக்கும். விடாதே என்று அதற்குச் சொல்லி வைத்தது அண்ணன்.

கீழே ஒரு பொத்தான் இருந்தது. பதிவுகளை அழிக்கவா? ஒரு தட்டு தட்டினால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. விரலை அதன்மேல் வைத்துவிட்டார். அப்போது பக்கத்தில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. மணி பதினொன்று.

"அது அவரோட பெட்டியா மாமா?" என்று அவள் கேட்டாள்.

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். "ஆமாம்மா."

"சத்தம் கேட்டப்பவே தெரியும்."

"அவன் தூங்கலம்மா" என்றார். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. "பாரு. பிரேக்கை முழுசா மிதிச்சிருக்கான். முழிச்சிருந்திருக்கான்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எண்களை விரலால் தொட்டாள். "நான் தூங்க விடாததால இல்லியா?"

"இல்லம்மா. உன்னால இல்ல."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒன்பது வருஷத்து அழுகை, சத்தமே இல்லாமல் வந்தது. தான் நல்லவன் என்றுகூட அவர் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டார். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"முழுசா மிதிச்சும் வண்டி ஏன் மாமா நிக்கல?"

அவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, காலியாக இருந்த சதுரத்தைக் காட்டினார். அது என்ன, யார் எடுத்தது, தடம் ஏன் விழாது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அத்தை என்னைப் பேசுறப்பல்லாம் நீங்க இங்கதானே இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் குடிக்காத டீயை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள். "அந்த மூணு வெடியையும் எடுத்துடுங்க. இனிமே யாரும் வர வேண்டாம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

காதண்ணன் வேலையை முடித்தார். சதுரத்தில் டிக் போட்டார். புது மூக்குக்கும் வாலுக்கும் ஏற்றபடி கணக்கைத் திருத்தினார். ஐடிலிங்கை எழுநூறுக்கு இறக்கினார். வெடியை வேரோடு எடுத்தார். இரண்டு மிதியையும் சேர்த்து மிதித்து, எஞ்சின் சுருள்கிறதா என்று பத்து தடவை பார்த்தார். சுருண்டது. தொட்டி விற்கிறவர் என்று பெயர் போட்டு, ஒன்று என்று எண் போட்டு எழுதினார். கொக்கு ஏழு அந்தப் பெட்டியிலிருந்து போய்விட்டது.

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே வியாபாரி வந்தார். மேட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் இது என் வண்டி" என்று கை குலுக்கினார். காதண்ணன் வாசலில் நின்று பார்த்தார். சாம்பல் வண்டி தெரு முனைக்குப் போனது, வேகம் தணிந்தது, திரும்பியது. குழாயிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றுமே இல்லை.

பின்னால் தாழ்ப்பாள் விலகியது. அவள் இரண்டு டம்ளரோடு வந்து நின்றாள். இரண்டிலும் ஆவி பறந்தது. தெரு முனையையே பார்த்தாள்.

"எடுக்கச் சொன்னேனே மாமா. மூணும் கேட்டுச்சே."

"எடுத்துட்டேம்மா" என்றார் அவர். இனி அவளிடம் பொய் சொல்வதில்லை என்று காலையில்தான் முடிவு செய்திருந்தார். "எனக்குக் கேக்கலம்மா."

அவள் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள்.

இரண்டு டம்ளரோடும் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் காதண்ணனுக்கு நன்றாகவே கேட்டது. அதன் பிறகு, உள்ளே ஒரு டம்ளர் தரையில் வைக்கப்படும் சத்தமும், சற்று நேரம் கழித்து, யாரோ அதை எடுக்கும் சத்தமும் கேட்டன.