புயல் கூண்டு ஏறிய நாளில் கப்பலில் இருந்த கவிப்ரியா

அந்த நாலு மாதமும் கவிப்ரியா கப்பலிலேயே குடியிருந்தாள். சென்னையிலிருந்து கிரெடிட் கார்டு பாக்கிக்காகப் போன் செய்கிறவர்களைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். ஆள் இருந்ததென்னவோ போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில், அப்பா வீட்டு ஹாலில், ஃபேனுக்குக் கீழே.

தீவில் பிறந்தவர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாத வித்தை. கப்பல் ஜெட்டியை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் சிக்னல் செத்துவிடும். அப்புறம் கரை தெரியும்வரை யாரும் யாரையும் பிடிக்க முடியாது. ஆகவே யாரிடம் பேசப் பிடிக்கவில்லையோ அவர்களிடம், "ஷிப்ல இருக்கேன், இப்பதான் கிளம்பிச்சு, சிக்னல் போயிடும்" என்று சொல்லி வைத்துவிட வேண்டியதுதான். மெயின்லேண்டுக்காரர்களுக்கு ஹட்பே எங்கே, மாயாபந்தர் எங்கே என்று தெரியவா போகிறது? பாவம், நம்பினார்கள். ஒரு பெண் "பத்திரமா போயிட்டு வாங்க மேடம்" என்றுகூடச் சொன்னாள். அன்றைக்குக் கவிப்ரியாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் ஊதாரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்பா மணியன் மின்சார இலாகாவில் லைன்மேன், ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம். மகளைச் சென்னைப் பக்கம் இன்ஜினியரிங் படிக்க வைக்க, கல்விக்கடன் தாளில் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார். படித்து முடித்ததும் அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கிய வாரம், ஆபீஸ் வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்தவன் கிரெடிட் கார்டு ஒன்றைத் தலையில் கட்டினான். கூட ஒரு டிராவல் பேக் இலவசமாம். பேக்கின் ஜிப் ஒரே மாதத்தில் பிய்ந்தது, கார்டு மட்டும் நல்ல உழைப்பு உழைத்தது.

பதினாலு மாதத்தில் கம்பெனி அவள் வேலை பார்த்த குழுவையே கலைத்துவிட்டது. ஊருக்குத் திரும்பினாள். இங்கிருந்து விண்ணப்பம் போட்டால் அங்கிருந்து, "நாளன்னிக்கு நேர்ல வாங்க" என்பார்கள். கப்பலில் மூன்று நாள் ஆகும், அதுவும் நாம் நினைத்த அன்று கிளம்பாது. விமானம்தான் கதி. கடைசி நேரத்து டிக்கெட் விலையைத் தீவுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், வயிற்றெரிச்சலைக் கொட்டுவார்கள். மூன்று நேர்முகத் தேர்வுக்கு மூன்று தடவை போய்வந்தாள், எல்லாம் கார்டில். வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருந்ததை மட்டும் மாதா மாதம் கட்டி, கடன் குறைகிறது என்று நிம்மதியாக இருந்தாள். படித்த பெண்தான், என்ன செய்வது? அதுவும் கட்ட முடியாமல் போனதும் போன்கள் வர ஆரம்பித்தன. ஒருநாள் மொத்தத்தைப் பார்த்தபோது எண்பத்தாறாயிரம் நின்றது. கையிருப்பும் தீர்ந்ததும் கல்விக்கடன் தவணை நின்றது, இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது மாதமும் போனால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும் என்று பாங்கிலிருந்து கடிதம் வந்தது. அவள் பேரோடு அப்பா பேரும் போகும். கார்டு விஷயமோ வீட்டில் யாருக்குமே தெரியாது.

கார் நிக்கோபாரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஒப்பந்த வேலை, முப்பத்தோராயிரம் சம்பளம், தங்க ஒரு குவார்ட்டர்ஸ். அவ்வளவு தூரம் போகப் பலருக்கு மனசில்லை. கவிப்ரியா போர்ட் பிளேரிலேயே இருந்த தலைமை ஆபீஸில் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். ஒரு மாதம் ஒரு தகவலும் இல்லை, அவளும் கைகழுவிவிட்டாள்.

அன்று துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மழை அடித்து ஊற்றியது. பத்தரை மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"கவிப்ரியாதானே பேசறது?"

நாலு மாதமாகக் கேட்டுப் பழகிய அதே கேள்வி, அதே தோரணை. அவள் வாய் அவளைக் கேட்காமலே ஓடியது.

"ஆமா சார், ஷிப்ல இருக்கேன். இப்பதான் கிளம்பிச்சு."

"எந்த ஷிப்?"

இதை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. "ஹட்பே ஷிப்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு நிமிஷத்தில் வாட்ஸப்பில் செய்தி வந்தது. 'ஹட்பே ஷிப் ரெண்டு நாளாக ஜெட்டியில்தான் நிற்கிறது. கார் நிக்கோபார் வேலைக்காகக் கூப்பிட்டோம். பட்டியலில் முதல் பேர் நீங்கள். விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். அஸ்வின், கிளார்க்.'

கவிப்ரியா அதை மூன்று தடவை படித்தாள். திருப்பிப் போன் செய்தால் லைன் பிஸி. அடுத்த ஆளோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்பது புரிந்ததும் அழுகை முட்டியது. அழ நேரமில்லை. அம்மா தங்கம், "இந்த மழையில எங்கடி?" என்று கேட்கக் கேட்க ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ரெயின்கோட்டின் ஒரு கையை மாட்டவே மறந்துவிட்டாள்.

பரீட்சை எழுதிய அதே ஆபீஸுக்குத்தான் போனாள். அஸ்வினுக்கு அவள் வயதுதான் இருக்கும். சொட்டச் சொட்ட வந்து நின்றவளைப் பார்த்து, "ஹட்பேலேர்ந்து நீந்தியே வந்துட்டீங்களா?" என்றான். பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். அவளுக்குக் காது சிவந்தது.

உள்ளறையில் சூப்பிரண்டெண்ட் சுகுணா மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அடுத்த பேரு, டாலிகஞ்ச் பையன் பிரவீன்குமாரைக் கூப்பிட்டாச்சு. வீட்ல கேட்டுச் சாயங்காலம் சொல்றேன்னிருக்கான். நீ வேண்டாம்னு ஃபோன்லயே சொல்லிட்ட, அச்சா, இப்ப என்ன?"

"வேண்டாம்னு சொல்லலை மேடம். ஷிப்ல இருக்கேன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். தீவுல பொறந்தவளுக்கு நான் சொல்லணுமா?" மேடம் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "அவன் பதில் சொல்றதுக்குள்ள வந்துட்ட, அதனால வேலை உனக்குத் தரலாம். ஆனா காலைல ஏன் மறுத்தேன்னு ஃபைல்ல ஒரு விளக்கம் வேணும். லிக்கே தே தோ, எழுதிக் குடுத்துடு."

தாளோடு வெளியே வந்து உட்கார்ந்தாள். அஸ்வின் குனிந்து, "நெட்வொர்க் பிராப்ளம்னு எழுதிடுங்க. இங்க எல்லாரும் அதான் எழுதறது" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

பேனாவைத் திறந்து 'நெட்' வரைக்கும் எழுதினாள். கை நின்றுவிட்டது. உண்மையை எழுதினால் கதை டெய்ரி ஃபார்ம் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகாது, இந்த ஊர் லட்சணம் அப்படி. எழுதாவிட்டால் இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு வேலைக்குச் சேர வேண்டும். அவளுக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. அலுப்பென்றால் சாதாரண அலுப்பில்லை, எலும்பு வரைக்கும் வலித்தது. எழுதியதை அடித்துவிட்டு எழுதினாள்: 'எனக்குக் கிரெடிட் கார்டில் எண்பத்தாறாயிரம் ரூபாய் கடன் இருக்கிறது. கேட்டு வருகிற போன்களுக்குக் கப்பலில் இருப்பதாகப் பொய் சொல்லி வந்தேன். இன்று வந்த அழைப்பையும் அப்படி நினைத்துப் பேசிவிட்டேன். எனக்கு இந்த வேலை வேண்டும்.'

சுகுணா மேடம் படித்தார். சிரிக்கவில்லை. "இருபது வருஷமா இந்த ஃபைல்ல நெட்வொர்க் பிராப்ளம்தான் படிச்சுட்டிருக்கேன்" என்றார். பச்சை மையில் கையெழுத்திட்டு, "கூண்டு இறக்கினதும் முதல் ஷிப். பாஸ் நாங்க போட்டுத் தர்றோம். ஏறிடுவேல்ல?" என்றார்.

"ஏறிடுவேன் மேடம்."

வீட்டுக்கு வந்தபோது மணியன் மதியச் சாப்பாட்டில் இருந்தார். ஊர் சொல்லி அவர் கேட்கக் கூடாது என்று, வேலை கிடைத்ததையும் கார்டு கதையையும் ஒரே மூச்சில் கொட்டினாள். தொகையைச் சொன்னபோது அவர் கை சோற்றிலேயே நின்றது. தங்கம் ரசம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மணியன் எழுந்து கை கழுவிவிட்டு, பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து வைத்தார். சேமநல நிதியிலிருந்து பணம் எடுக்கும் படிவம், எல்லாக் கட்டத்திலும் எழுதி முடித்திருந்தது. "தவணை நின்னா பாங்க்லேர்ந்து எனக்கும்தான் மெசேஜ் வரும் கவி. ரெண்டு மாசமா வருது. நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லலை. நாளைக்கு இதைக் குடுக்கலாம்னு இருந்தேன்."

"ஏம்ப்பா கேக்கலை?"

"கேட்டா எங்கிட்டயும் பொய் சொல்ல வேண்டி வந்துடுமேன்னு பயம்தான்" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பணம் உங்களுக்கு வேணும்ப்பா. ரெண்டு தவணை மட்டும் இப்பக் கட்டுங்க, மாசா மாசம் நான் திருப்பித் தர்றேன். மீதி என் பாடு" என்றாள். மணியன் படிவத்தை இரண்டாகக் கிழித்தார். தவணைப் பணத்துக்குக் கைமாற்றுக் கேட்க, குடையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினார்.

மூன்றாம் நாள் கூண்டு இறங்கியது. கிளம்பும் முன்னால் கவிப்ரியா தானாகவே கார்டு கம்பெனிக்குப் போன் செய்தாள். மொத்தத்தையும் பன்னிரண்டு தவணையாக மாற்றித் தரக் கேட்டாள். வட்டி கொஞ்சம் ஏறும் என்றார்கள், ஏறட்டும் என்றாள். கேட்டால் செய்து தருவார்கள் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது, நாலு மாதத்தில் அவள் யாரையும் பேசவிட்டிருந்தால்தானே.

கார் நிக்கோபாரில் ராஜபோகம் ஒன்றும் இல்லை. நெட் வந்தால் வரும். காய்கறி கப்பல் வந்தால் வரும். குவார்ட்டர்ஸ் கூரை ஒரு மூலையில் ஒழுகியது. முதல் மாதம் தனிமை தாங்காமல், திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அங்கே கார்டைத் தேய்க்கவும் கடை இல்லை. சம்பள நாளன்று கல்விக்கடன் தவணை, கார்டுத் தவணை, அப்பாவுக்குக் கொஞ்சம் என்று முதலில் அனுப்பிவிட்டு, மீதியில் சமைத்துச் சாப்பிட்டாள். எட்டாவது மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் மிச்சம் நின்றது. அதை இரண்டு நாள் செலவழிக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷம் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். கல்விக்கடன் இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. இருக்கட்டும், தவணை ஒன்றும் தவறவில்லை.

பன்னிரண்டாவது கார்டுத் தவணை போன மறுநாள், சிக்னல் நன்றாக வரும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு போன் செய்தாள். கார்டை மூட வேண்டும் என்றாள். எதிர்முனைப் பையனுக்குப் பதறிவிட்டது.

"மேடம், உங்க லிமிட்டை ரெண்டு லட்சமா ஏத்தித் தர்றோம் மேடம். ஆண்டுக் கட்டணமும் கிடையாது."

"வேண்டாம். மூடிருங்க."

"காரணம் போடணும் மேடம். ஏன் க்ளோஸ் பண்றீங்க?"

கவிப்ரியா சிரித்தாள்.

"வேலை தேடிப் பறக்கத்தான் இது வேண்டியிருந்தது. வேலை கெடைச்சிருச்சு தம்பி" என்றாள்.