லுஹருக்குப் பின் அணையும் கணினி

என் கணவர் கத்தாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். பின்னேர முறை. அவர் வேலைக்குப் புறப்படுவதற்கு முன் எங்கள் இருவருக்கும் கிடைப்பது ஒரு மணித்தியாலம். இங்கே பள்ளிவாசல்துறையில் அது லுஹர் தொழுகை முடிந்து, சோறு தின்று, வீடுகளெல்லாம் கண்ணயரும் நேரம். கணவரின் தாயான மாமியும் உள்ளறையில் படுத்துவிடுவார். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்செட்டை மாட்டுவேன்.

நாங்கள் கேம் விளையாடுவோம். பனி பெய்யும் ஒரு நாட்டில் இரண்டு பேருமாகச் சேர்ந்து வீடு கட்டினோம், ஆடு வளர்த்தோம். கலியாணம் முடித்து மூன்று வருடத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஐந்து மாதம்தான். வெறும் தொலைபேசியில் கதைத்தால் "சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. பின்னால் ஓநாய் துரத்திக்கொண்டு வரும்போது நகரும்.

காலையில் அதே கணினியில் நான் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். இரண்டுக்கும் அது திணறுகிறது என்று அவர், ஊருக்கு வந்த ஒருவரிடம் புதிய கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் கொடுத்தனுப்பினார். கார்ட் என் பழைய பெட்டியைவிட நீளம். புத்தளம் டவுனில் கணினி திருத்தும், எல்லாரும் நானா என்று கூப்பிடும் அண்ணன் ஒருவர், ஒரு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, பட்டையான நீட்டிப்பு வயர் ஒன்றைப் போட்டு, கார்டை வெளியே நிறுத்தி வைத்தார். பார்க்க, குடல் வெளியே தள்ளிய மிருகம் மாதிரி இருந்தது. ஆனால் பனி அவ்வளவு அழகாகப் பெய்தது.

முதல் நாளே அணைந்தது. பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். திரை சட்டென்று கறுத்தது. விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்தது. மறுநாள் இருபது நிமிடத்தில் அணைந்தது. அதற்கு மறுநாள் ஐந்தே நிமிடத்தில். பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மறுபடியும்.

நான் தெரிந்ததையெல்லாம் செய்தேன். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன். மெமரித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். சூட்டை அளந்தேன், சூடு இல்லை. பழைய பவர் சப்ளையை மாட்டினேன், அப்போதும் அணைந்தது. கடைசியில் பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். நானா காலையிலிருந்து மாலை வரை அதை வாட்டி எடுத்தார். ஒருமுறைகூட அணையவில்லை.

"இஞ்ச ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. ஒங்கட ஊட்டுலதான் என்னமோ இரிக்கி" என்றார்.

அவர் மின்சாரத்தைத்தான் சொன்னார். எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

அந்த வாரம்தான் என் கணவர் அதைக் கேட்டார். நாங்கள் ஆட்டுப் பட்டிக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தோம்.

"யாரு அது பக்கத்துல?"

"ஒருத்தரும் இல்ல. மாமி படுத்திட்டாங்க."

"இல்ல, ஒரு பொம்புள கதைக்கிற சத்தம். ஒங்கட மைக்லதான் வருது. ஒண்டும் விளங்கல்ல. தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இரிக்கி."

நான் வேலிக்கம்பைப் போட்டுவிட்டு அசையாமல் இருந்தேன். அப்போது எனக்கும் கேட்டது. இரண்டு காதுக்கும் நடுவில், தலைக்குள்ளேயே இருந்து வருவது போல. எழுத்தே இல்லாத பேச்சு. ஆனால் அது பேச்சுத்தான். ஏறி இறங்கியது, நின்றது, திரும்பத் தொடங்கியது. ஏறி முடிகிற விதத்தைப் பார்த்தால் எதையோ கேட்பது மாதிரி இருந்தது.

"கேக்குதா ஒங்களுக்கு?" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, திரை கறுத்துவிட்டது.

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் எறிந்தேன். வெளியே தென்னை ஓலைகள் காற்றில் உராயும் சத்தம். நல்ல வெயில். மேசையில் இருந்த இரண்டு சிறிய ஸ்பீக்கர்களிலும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கணினி செத்துக் கிடக்கிறது. அது பேசுகிறது. நான் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கி, நடுவில் மறந்து, திரும்ப முதலிலிருந்து ஓதினேன். எனக்கு அது பிள்ளைப் பருவத்திலிருந்து மனப்பாடம்.

மாமியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்த அறையில மூணு நாளைக்கு யாசீன் ஓது. பெட்டியையும் மூடி வை" என்றார். ஓதினேன். மூன்று நாளும் கணினியைத் தொடவில்லை. நான்காம் நாள் போட்டேன். பத்து நிமிடத்தில் அந்தக் குரல் வந்தது, அணைந்தது.

அணைந்த நேரங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அதை உட்கார்ந்து படித்தேன். எல்லாமே இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில். நான் கேமைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கேமை அந்த நேரத்தில்தான் விளையாடுகிறேன் என்பது தோன்றவே இல்லை. அடுத்த நாள் கேமைத் திறக்காமல், அதே நேரத்தில் ஒரு மணமகளின் மருதாணிக் கையைத் திரையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். குரல் வந்தது. மருதாணிக் கை கறுத்துப்போனது.

பயம் கொஞ்சம் விலகியது. முழுதாக இல்லை. ஸ்பீக்கர் ஒன்றை அதன் வயர் எட்டும் வரை கையில் எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றினேன். கதவுப் பக்கம் குரல் மெலிந்தது. பின் ஜன்னலில் அது உரத்தது. ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்துவிட்டுப் பின் வளவுக்குப் போனேன். மதில் உயரம். மேலே, எங்கள் பக்கத்துத் தென்னையில், நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு செப்புக் கம்பி கட்டியிருந்தது. அது மதிலைத் தாண்டிப் பின்வீட்டுக் கூரைக்குப் போனது. நான் மதிலில் காதை வைத்தேன்.

"கேக்குதா? கேக்குதா? ஊட்டுல இருந்து கதைக்கிறன். கேட்டா ஒரு வார்த்த சொல்லுங்க."

என் ஸ்பீக்கரில் வந்த அதே ஏற்றம், அதே இறக்கம். இங்கே எழுத்து இருந்தது.

பின்வீட்டு அக்காவை, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், எனக்குத் தெரியும். அவருடைய கணவர் கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகு வைத்திருந்தார். நான்கு மாதத்துக்கு முன் இரண்டு பேருடன் ஆழ்கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. முதல் வாரம் நானும் மாமியும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம். பிறகு ஊரே அவரைப் பற்றித்தான் கதைத்தது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு ஒதுங்கும் இத்தாவை இருக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாராம், மையத்தை, அந்த உடம்பைக் காட்டினால் இருக்கிறேன் என்கிறாராம்.

மறுநாள் இரண்டு மணிக்கே அவர் வீட்டுக்குப் போனேன். என்னத்துக்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. பின்னறையில் ஒரு மேசை, அதன்மேல் படகோடு பேசும் ரேடியோ செட், பக்கத்தில் வாகன பற்றரி. செட்டின்மேல் பின்னல் துணி விரித்திருந்தது. அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தி, நான் மதிலுக்கு அப்பால் கேட்டதையே சொன்னார். செட்டில் இருந்த முள் துள்ளியது. பொத்தானை விட்டார். காத்திருந்தோம்.

அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"ராத்தா, இதுல இரைச்சலே இல்லையே."

"முந்தி இரிக்கும். அவர் போனதுக்குப் பொறகு இல்ல. கடல் அமைதியா இரிக்கி எண்டு நினைச்சன்."

செட்டைத் திறக்கலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். வீட்டிலிருந்து திருப்புளி கொண்டுவந்து மூடியைக் கழற்றினேன். ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களில் ஒன்று உப்புக் காற்றில் பச்சை பிடித்து, அடியோடு இற்று விலகிக் கிடந்தது. அனுப்பும் பக்கத்தில் ஒரு பழுதும் இல்லை. இவர் சொன்னது நான்கு மாதமும் கடலுக்குப் போயிருக்கிறது. கடல் சொன்ன எதுவும் இந்த அறைக்குள் வரவில்லை.

நுனியைச் சுரண்டி முறுக்கிச் சேர்த்தேன். அறை முழுக்க இரைச்சல் கொட்டியது. ராத்தா கதிரையோடு பின்னால் போனார். இரைச்சலுக்குள் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் சிங்களத்தில் ஐஸ் முடிந்துவிட்டது என்றார். இன்னொருவர் சிரித்தார்.

ராத்தா பொத்தானை அழுத்தினார். "கேக்குதா? ஊட்டுல இருந்து கதைக்கிறன்."

சிரிப்பு நின்றது. எல்லாக் கதையும் நின்றது. வெறும் இரைச்சல். வெகுநேரம் கழித்து, சிலாபம் பக்கத்துச் சிங்களவர் கதைக்கும் தமிழில் ஒரு ஆண் குரல் வந்தது.

"அக்கே... இப்ப ஒங்களுக்குக் கேக்குதா?"

"ஓம். கேக்குது."

"நாங்க எவ்வளவு நாள் பதில் சொன்னது. நீங்க திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டது. பொடியனுகள் பயந்துட்டான். உசிரோட இருக்கிற ஆள் இல்லன்னு சொன்னான். இந்த நேரம் வந்தா எல்லாரும் செட்ட ஓஃப் பண்ணுறது."

ராத்தா என்னைப் பார்த்தார். பிறகு கணவரின் படகைப் பற்றிக் கேட்டார். காணவில்லை என்றார் அந்த மனிதர். கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் சொன்னார். அவருடைய படகில் ஒருவன், தெற்கே வெகுதூரத்தில் இருந்தபோது, ராத்தாவுக்கு ஒரு ஆள் பதில் சொல்வதைக் கேட்டானாம். தமிழில். மூன்று நாள் தொடர்ந்து.

"என்ன சொன்னாராம்?"

"வெளங்கலியாம் அக்கே. சத்தம் மட்டும்தான்."

வேறு ஏதாவது படகாக இருக்கும் என்று நான் சொன்னேன். எத்தனை பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள், அவர்களில் ஒருவராக இருக்கும். நான் சொன்னதில் பிழை இல்லை. என் கை மயிர் சிலிர்த்து நின்றதை ராத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

என் பிரச்சினை அதோடு விளங்கிவிட்டது. டவுன் நானாவிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். பெட்டிக்கு வெளியே நின்ற அந்தப் பட்டை வயர், மதிலுக்கு அப்பாலிருந்து வந்த ரேடியோ அலையை வாரி எடுத்துக் கணினியை அணைத்திருக்கிறது, குரலை வாங்கியது ஸ்பீக்கர், ஹெட்செட் வயர்கள். எங்கள் வீட்டில் எர்த் வயரும் துருப்பிடித்து அறுந்துதான் கிடந்தது. முழுதாக மூடும் பெரிய பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் மாற்றி, எர்த் கம்பியைப் புதிதாக அடித்தோம். அதற்குப் பிறகு கணினி அணையவில்லை. ஆடுகள் குட்டி போட்டன.

ராத்தா தொடர்ந்து கூப்பிட்டார். இப்போது அவருக்குப் பதில் வந்தது. ஒவ்வொரு படகிடமும் எங்கே நிற்கிறார்கள், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டார். தெற்கே நின்றவர்களிடம் கூடுதலாகக் கேட்டார். சில பின்னேரங்களில் நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். இரைச்சலுக்குள் ஏதாவது நெளிந்தால் அவர் கையை உயர்த்தி என்னை மூச்சுவிடாமல் இருக்கச் செய்வார். நானும் மூச்சுவிடாமல் இருந்தேன். இருந்தது மட்டுமல்ல, இரண்டு மூன்று தடவை எனக்கும் கேட்டது போல இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை.

பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எல்லாரும் பதில் சொல்லுறாங்க புள்ள. அவர் மட்டும்தான் சொல்லல்ல. செட்டுக்குள்ள அந்த வயர் அறுந்திருந்த வரைக்கும் அவரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாரு."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாளைக்கு இத்தாவுக்கு இருக்கப் போறன். மரத்துக் கம்பிய நீ வந்து அவுத்துவிடு. ஆம்புளயள் ஒருத்தரும் வரவேணாம்."

வெள்ளிக்கிழமை காலை ஏணியை வைத்து எங்கள் தென்னையில் ஏறினேன். கம்பி வெயிலில் சுட்டது. ராத்தா வெள்ளை உடுத்து, பின்னறையில் செட்டுக்கு முன் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கம்பியைச் சுருட்டிக்கொண்டு, ஏணியை மதிலுக்கு அப்பால் மாற்றி வைத்து, பின்வீட்டுக் கூரைப் பக்கம் போகப் போக அது மெலிந்துகொண்டே வந்தது. ராத்தா செட்டுக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். கடைசி முடிச்சை அவிழ்க்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவரும் அவசரப்படுத்தவில்லை.