எனக்கென்று ஒரு தனிச் சட்டி

கொரியாவில் நான் ஆங்கிலம் படிப்பித்த இரண்டு வருடமும் அங்கே எல்லோரும் என்னைச் சைவச் சாப்பாட்டுக்காரன் என்றே நம்பினார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மீனோ இறைச்சியோ இருக்கும்.

லண்டனில் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆட்குறைப்பு வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மனைவிக்குக் கவுன்சிலில் வேலை. கொரியாவின் சிறு நகரம் ஒன்றில், பள்ளிக்கூடம் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தனியார் நிலையம் என்னை எடுத்தது. நம்மூர் டியூட்டரி மாதிரித்தான். அதை நடத்தியவர் என்னைவிட இளைய ஒரு பெண்மணி. பின்பக்கச் சமையலறையில் ஆசிரியர்களுக்குச் சாப்பாடு சமைத்தவர் அவருடைய தாயார்.

போன முதல் கிழமையே என்னை வரவேற்க விருந்து வைத்தார்கள். எல்லோரும் தரையில் சுற்றி இருந்தோம். நடுவில் பெரிய சட்டியில் இறைச்சிக் குழம்பு கொதித்தது. ஆளாளுக்குத் தங்கள் கரண்டியைச் சட்டிக்குள் விட்டு, வாயில் வைத்து, மறுபடியும் சட்டிக்குள் விட்டார்கள். ஒருவர் என்னிடமும் ஒரு கரண்டியை நீட்டினார். எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். தண்ணீர்ச் செம்பைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துப் பழகியவன். "உங்கள் எச்சில் எனக்கு அருவருப்பாக இருக்கிறது" என்று சொல்ல முடியுமா? "நான் இறைச்சி, மீன் ஒன்றும் தொடமாட்டேன். எங்கள் சமயம்" என்றேன். சமயத்தை இழுத்தால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

கேட்கவில்லைத்தான். அடுத்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு தனிச் சட்டி அடுப்பில் ஏறியது. அந்த ஊரில் தெளிந்த ரசம் போன்ற சூப்பிலும் நெத்தலிக் கருவாடு இருக்கும். அந்த அம்மா என்னுடைய சூப்புக்கு மட்டும் காய்ந்த காளானையும் கடற்பாசியையும் ஊறவைத்தார். குளிர்காலத்துக்கென்று குடும்பமே கூடிக் கிம்சி ஊறுகாய் போட்டபோது, மீன்சாறு சேர்க்காமல் ஒரு ஜாடியை எனக்காக ஒதுக்கினார். பன்றியிறைச்சி வாட்டிச் சாப்பிடுவதற்காகவே மாத முடிவைப் பார்த்திருக்கும் இளம் ஆசிரியர்கள், எனக்காகத் தோஃபு என்ற சோயாக்கட்டி சமைக்கும் கடையில் விருந்தை வைத்தார்கள். ஒருவர் முகமும் சுருங்கவில்லை. லண்டனில் இத்தனை வருடம் வேலை செய்தும், என் சாப்பாட்டை நினைத்துத் தன் சாப்பாட்டை மாற்றிய ஒருவரை நான் கண்டதில்லை.

மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னப்பா, அங்கை போய் ஐயராயிட்டியளோ? ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யிறியள்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் பக்கத்து ஊருக்குப் போய்ப் பொரித்த கோழி சாப்பிட்டேன், கடையின் கடைசி மேசையில், சுவரைப் பார்த்தபடி.

நான் திரும்பி வந்து பல வருடங்களுக்குப் பிறகு, போன மாதம், நிலையத்தை நடத்திய அந்தப் பெண்மணி லண்டனுக்கு வந்தார். நியூ மோல்டனில் அவருடைய மகன் குடும்பம் இருக்கிறது. அங்கேயுள்ள ஒரு கொரியச் சாப்பாட்டுக்கடைக்கு மதியம் சாப்பிட வரச் சொல்லி அழைத்தார். சட்டையை மாட்டும்போது மனைவி கதவடியில் நின்றாள்.

"இண்டைக்காவது சொல்லுங்கோ. எத்தினை வருசமா இதைக் காவிக்கொண்டு திரியிறியள்."

"சொன்னா அந்த மனுசி என்னைப் பற்றி என்ன நினைக்கும்?"

"உள்ளதை நினைக்கும்."

விம்பிள்டனில் ரயில் மாறிப் போனேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. பழையபடி குனிந்து வணங்கி, கொரிய மொழியில் ஆசிரியரை அழைக்கும் சொல்லால் என்னை அழைத்தார். நம்மூரில் "மாஸ்டர்" என்பார்களே, அதே மரியாதை. பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு என் சாப்பாட்டைப் பற்றி நீளமாக விளக்கினார். அவள் இரண்டு தரம் சமையலறைக்குப் போய்க் கேட்டு வந்தாள். கடைசியில் ஒரு சின்னச் சட்டி எனக்கு முன்னால் வந்தது. அதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். என் வாயில் வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"நான் சைவமில்லை" என்றேன்.

"இப்ப சாப்பிடத் துவங்கிட்டியளோ?"

"அங்கை இருக்கேக்கையும் சாப்பிட்டனான். ரயிலிலை பக்கத்து ஊருக்குப் போய், பொரிச்ச கோழி."

அவர் சிரித்தார். "பக்கத்து ஊருக்கோ? எங்கடை தெருவிலேயே திறமான கோழிக்கடை இருந்ததே!" பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஏன் மாஸ்டர்?"

அந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். கரண்டிகளைப் பற்றிச் சொன்னேன். எச்சில் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் கிடைக்காமல், அவர்களுடைய வாய் பட்டதைத் தொட எனக்கு மனம் வரவில்லை என்று நேராகவே சொன்னேன்.

அவர் தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அதை மேசையில் வைத்தார்.

"ஒரு சின்னக் கிண்ணம் கேட்டிருந்தாப் போதுமே. எங்கடை ஆக்களிலையும் கொஞ்சப்பேர் கேக்கிறவைதான்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்னட்டை ஏன் கேக்கிறியள்? சமைச்சது நானில்லை."

அங்கேயே தாயாரைத் தொலைபேசியில் அழைத்தார். கொரியாவில் அப்போது இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். திரையில் அந்த அம்மாவின் முகம் வந்தது. மிகவும் சுருங்கிப்போயிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் ஆட்டினார். மகள் கொரிய மொழியில் விளக்கத் தொடங்க, அந்தக் கைகள் மெல்லக் கீழே இறங்கின. கோபப்படவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார். மகள் என்னைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்.

"சாப்பாடு நல்லாயிருக்கு, நல்லாயிருக்கெண்டு ஒவ்வொரு நாளும் சொன்னியளே, அதுவும் பொய்யோ எண்டு கேக்கிறா."

அது பொய்யில்லை. கோழிக்கடையில் இருக்கும்போதுகூடத் திங்கட்கிழமை அந்த அம்மா வைக்கப்போகும் காளான் சூப்பைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கொரிய மொழியில், மெய், மெய் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். முன்பு எந்த வாயால் பொய் சொன்னேனோ, அதே வாய்.

அந்த அம்மா மகளிடம் ஏதோ சொன்னார். திரை அணைந்தது.

"என்ன சொன்னவா?" என்று கேட்டேன்.

"நேரமாச்சாம். படுக்கப் போறாவாம்."